ஒரே அட்டையில் இரண்டாவது கார்

கிளெண்டர், ஜகார்த்தா
14 அக்டோபர் 2019

மகள் வெனிங்குக்கு,

மூன்று வருடம் உன்னோடு வாய் திறக்காமல் இருந்தாயிற்று, அது போதும். நான் இருக்கிறேன், இடது முழங்கால்தான் படியேறும்போது சொன்னபடி கேட்பதில்லை. சோரோங்கில் மழை ஓய்வதில்லை என்கிறார்கள், மருத்துவமனை வேலையில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். கைபேசியில் அனுப்பாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெருநாளுக்கு நீ எனக்கு அனுப்பிய மன்னிப்புக் கேட்கும் வாழ்த்து, ஓர் எழுத்தும் மாறாமல் பக்கத்து வீட்டு ஹாஜி சுகேங்குக்கும் வந்திருந்தது. அவர்தான் பெருமையாகக் காட்டினார். அதே வழியில் பதில் அனுப்ப எனக்கு மனமில்லை.

செய்தி என்னவென்றால், ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன், முழங்காலை வைத்துக்கொண்டு இனி மோட்டார் சைக்கிள் முடியாது. எட்டு வருடம் ஓடியது, ஒன்பது கோடி ருப்பியா. விலை கொடுத்ததோடு வண்டி நமதாகிவிடுவதில்லை. பெயர் மாற்றக் கட்டணம், இந்த வருடத்து வரி, விபத்து நிதிக்குக் கட்டாயச் சந்தா, பதிவுத் தாளுக்கு ஒன்று, உரிமைப் புத்தகத்துக்கு ஒன்று, நம்பர் தகட்டுக்கு ஒன்று. காப்பீட்டுக்காரப் பெண் வீட்டுக்கே வந்தாள். இரவில் வண்டி கேட்டுக்குள் நிற்குமா தெருவில் நிற்குமா, இந்தத் தெருவில் வெள்ளம் எதுவரை ஏறும் என்றெல்லாம் கேட்டு வெள்ளத்துக்குத் தனியாக ஒரு தொகை சேர்த்தாள். வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்றாள், யாருமில்லை என்றேன். ஓட்டுபவர் இறந்தால் பணம் யாருக்கு என்றாள், உன் பெயரைச் சொன்னேன். சொல்ல வேறு பெயர் இல்லை, அவ்வளவுதான், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை வாகன வரி அலுவலகத்தில் நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். கவுன்டரில் உன் வயதுப் பெண். நம் குடும்ப அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக், இது உங்க வீட்டுக்கு மூணாவது கார். ஒரே அட்டையில காருக்குக் கார் வரி ஏறும், மூணாவது காருக்கான வரிதான் வரும்" என்றாள். என் வீட்டில் கார் நிறுத்திய இடத்தில் புல் முளைத்திருக்கிறது என்றேன். "புல்லெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது பாக்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒன்று, பத்து வருடத்துக்கு முன் நான் விற்ற பச்சைக் கார். விற்றதை இங்கே அறிவிக்கவேயில்லை. ஊரார் தவறையெல்லாம் தேதியோடு நினைவில் வைத்திருப்பவனுக்குத் தன் தவறு நினைவில்லை. முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன், அங்கேயே நீக்கிவிட்டார்கள். இன்னொன்று உன் அம்மாவின் சின்னச் சிவப்புக் கார், அவள் சோலோவுக்குப் போனபின் ஆள் வைத்து வரவழைத்துக்கொண்டது. மூன்று வருடமாகச் சோலோவில் ஓடும் கார் காகிதத்தில் இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது.

அதற்கு என்ன வழி என்று கேட்டேன். வண்டியைச் சோலோ முகவரிக்கு மாற்றவேண்டும், இல்லையென்றால் ஆளை மாற்றவேண்டும் என்றாள். "கோவிச்சுக்காதீங்க பாக், பிரிஞ்சுதான் இருக்கீங்கன்னா அட்டையையும் பிரிச்சிடுங்க. அடுத்த வருஷம் உங்களுதுதான் முதல் கார்." வருடத்துக்கு நாலரை லட்சம் மிச்சம். கேட்டுக்கொண்டு நின்ற, பாங் சர்க்கும் என்ற தரகர் என்னை நடைக்கு இழுத்துப்போய், தன் மச்சான் பெயரில் பதிந்துவிடச் சொன்னார், மச்சானிடம் சைக்கிள்கூடக் கிடையாதாம், முதல் கார் வரிதான் வருமாம். மறுத்தேன். "இந்த ஊர்ல பாதிப் பேர் அடுத்தவன் பேர்லதான் ஓட்டுறான். நீங்க ஒருத்தர்தான் சொந்தப் பேருக்கு ஆசைப்படுறீங்க" என்று சிரித்தார்.

வட்ட அலுவலகத்துக்குப் போய் அட்டை பிரிக்கும் படிவம் வாங்கினேன். அம்மா பெயர் போகிறதென்றால் மகள் பெயர் எந்தப் பக்கம் என்று அங்கிருந்தவர் கேட்டார். உனக்கு இன்னும் மணமாகாததால் நீ எங்கள் இருவரோடும் அதே அட்டையில்தான் இருக்கிறாய். மகளைக் கேட்கவேண்டும் என்றேன். "கேளுங்க பாக். அதுவரைக்கும் பென்சில்ல எழுதி வைங்க" என்றார். பென்சிலிலும் எழுதவில்லை.

நீ உன் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் போன அன்று என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. உன் மாமன் வாங்கிய காருக்கு அவள் என்னைக் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள், அவன் தவணை கட்டாமல் போக, வசூல்காரர்கள் நம் கேட்டைத் தட்டினார்கள், தெருவே பார்த்தது. இதையெல்லாம் நீ அவள் வாயால் கேட்டிருப்பாய். அதன்பிறகு பதினோரு மாதம் ஒரே வீட்டில் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் பங்கு. அவள் சொல்லியிருக்காவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கவுன்டர் பெண் திரையை மூடுமுன், "இபு, அதான் உங்க வீட்டம்மா, ஒரு வருஷம்கூட தேதி தவறல பாக், எல்லா ரசீதும் உங்க முகவரியிலதான் இருக்கு" என்றாள். மூன்று வருடமும் சோலோவிலிருந்துகொண்டு இந்த முகவரிக்கு வரி கட்டியிருக்கிறாள். இது பாசமா, வண்டியை ஊர் மாற்ற ஆகும் அலைச்சலுக்குப் பயந்த சோம்பலா, எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்தவர் நகரச் சொன்னார். இரண்டாவது காருக்கான வரியைக் கட்டிவிட்டு வந்தேன்.

படிவத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது. அம்மா பக்கம், என் பக்கம், தனி அட்டை, மூன்றுக்கும் வழியிருக்கிறதாம். நீ எதை எழுதி அனுப்பினாலும் மறுநாளே கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுதாமல் அலமாரியில் போட்டுவைத்தாலும் சரி, நாலரை லட்சத்தை நான் வருடா வருடம் கட்டிவிடுவேன்.

கொசுவலை இல்லாமல் படுக்காதே. அங்கே மோட்டார் சைக்கிள் வாங்கினால் உன் பெயரிலேயே வாங்கு, யாருக்கும் ஜாமீன் நிற்காதே. இறைவன் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

கீழே கையெழுத்திடப் பேனாவை வைத்தேன். அந்தப் படிவத்தின் அடியிலும் குடும்பத் தலைவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பவில்லை. அதை விட்டுவிட்டு இதில் மட்டும் போடுவது சரியாகப் படவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.