பத்து மணிக்குப் பச்சையாகாத பள்ளிக்கூடம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இருமல் நின்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அப்படி ஆக்கிக்கொள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், மீதியை நீயே படித்துத் தெரிந்துகொள். பதில் எழுத ரொம்பத் தாமதமாகிவிட்டது. “உன் வேலை என்னம்மா ஆச்சு, கேட்டா பேச்சை மாத்துற” என்று நீ எத்தனை தடவை கேட்டுவிட்டாய், போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் ஷிஃப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பாய், எழுதினால் அழுதாலும் உனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவர் நம் மூன்றாவது மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வருகிறார், கேட்டால் “நம்ம பில்டிங்ல லிஃப்ட் இருந்தா அதையும் ஓசியில என்னையே பாக்கச் சொல்லுவாங்க, இல்லாததே நல்லது” என்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் சித்தி போன வாரம் வந்து, பையன் அங்கே யாரையாவது பார்த்துவிட்டானா என்று என்னிடம் துருவினாள், அவனுக்குத் துவைக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே நேரம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி ஏதாவது இருந்தால் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குச் சொல். சின்னவள் என் தோளுக்கு வந்துவிட்டாள். உன்னைப் பெற்றபோது நான் காலேஜில் இரண்டாம் வருஷம், உன்னை மடியில் போட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள், அதனால் கடைத்தெருவில் இப்போதும் என்னை அவளுக்கு அக்காவா என்று கேட்கிறவர்கள் உண்டு, அவளுக்கு அதில் ஏகக் கோபம். எனக்கும் முன்னைப்போல அதில் சந்தோஷமில்லை. ராத்திரித் தூக்கம் போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, அக்கா வேஷம் சீக்கிரமே கலைந்துவிடும்.

இனி நீ கேட்டது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள் அம்மா என்று நீ உன் நண்பர்களிடம் சொல்வாயே, அது பாதிதான் சரி. எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். வகுப்பில் எந்தக் கருவி வேண்டும், எதற்கு வேண்டும், எப்போது வேண்டாம் என்று தாங்களே யோசித்து முடிவெடுக்கிற தலைவர்களாக அவர்களை ஆக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கொடுத்த வேலை. நான் அதை நம்பித்தான் இறங்கினேன், அதுதான் கொடுமை. வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் பாஸ்வேர்டே தெரியாது, பள்ளியில் வயதில் குறைந்த டீச்சர் யாரோ ஒருவரிடம்தான் இருக்கும். ஒருவர் மவுஸைக் குளியல் சோப்பைப்போலப் பிடித்துக்கொண்டு, “சர்டிஃபிகேட் இன்னைக்கே குடுத்துடுவீங்களா மேடம், எனக்கு நாலு மணிக்கு பஸ்” என்றார். நானும் சிரித்துக்கொண்டே சமாளித்தேன்.

அவர்களில் ஒருவர்தான் சின்னவளுடைய பள்ளித் தலைமையாசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பிள்ளைகள் வைத்த பெயர் விசிலம்மா, நீயும் கேள்விப்பட்டிருப்பாய். முதல் நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “எல்லார் முன்னாடியும் என்னைக் கேள்வி கேக்காதம்மா, தெரியாம முழிச்சா ஸ்டாஃப் ரூம்ல ஒரு வாரத்துக்குச் சிரிப்பாங்க, ஸ்கூல் விட்டதும் ரூமுக்கு வா, கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துக்கறேன்” என்றார். அப்படியே போனேன். சாயங்காலம் பியூன் பெருக்கிவிட்டுப் போன பிறகு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருவோம். மற்றவர்கள் எதை அழுத்தணும் என்று கேட்பார்கள், இவர் “இது எதுக்கு?” என்று கேட்பார். எதற்கென்று என்னால் சொல்ல முடியாவிட்டால் அதைக் கற்றுக்கொள்ள மாட்டார். சில சமயம் நான் வீட்டுக்கு வந்து யோசித்து மறுநாள் பதில் சொல்லியிருக்கிறேன்.

சில மாதத்தில் அந்தப் பள்ளியில் ஒரு காரியம் நடந்தது. பெட்டியோடு பூட்டி வைத்திருந்த டேப்லெட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து, ஒரே ஒரு வேலைக்கு என்று வைத்தார். பிள்ளைகள் பாடத்தைச் சத்தமாக வாசித்து அதில் பதிவு செய்ய வேண்டும், பிறகு தாங்களே கேட்டுத் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னவள் வீட்டுக்கு வந்து, “அய்யய்யோ அம்மா, நானா இப்படி ரயில் மாதிரி இழுத்து இழுத்து வாசிக்கறேன், ஏன் யாருமே சொல்லல” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் வாசித்தார்கள் என்றால் பார். பயிற்சிப் புத்தகத்தில் அப்படி ஒரு யோசனை இல்லை, நானும் சொல்லித்தரவில்லை, அவரே யோசித்தது. அன்றைக்கு நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதோடு நிற்கவில்லை. மேலிடத்திலிருந்து வருகைப்பதிவுக்கு ஒரு ஆப் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கு நேராகவும் டேப்லெட்டைப் பிடிக்க வேண்டும், பச்சை டிக் விழும்வரை பிள்ளை அசையக்கூடாது, நெட் வராத இடத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் பீரியடு அதிலேயே போய்விடும். தலைமை அலுவலகச் சுவரில் பெரிய திரை, அதில் பள்ளிக்கு ஒரு கட்டம், காலை பத்து மணிக்குள் பதிவு முடிந்தால் கட்டம் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இதற்கு மற்ற பள்ளிகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் போட்டோக்களை வரிசையாக ஒரு அட்டையில் ஒட்டி அலுவலக அறையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் உட்கார்ந்து அட்டைக்கு டேப்லெட்டைக் காட்டினால் போதும், டிக் டிக் என்று விழுந்துவிடும், வகுப்புக்குப் போகவே வேண்டாம். அட்டைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராது, லேட்டாக வரமாட்டார்கள், அசையவும் மாட்டார்கள். ஊரைவிட்டே போய்விட்ட பிள்ளைகூட ஒரு பள்ளியில் தினமும் வந்துகொண்டிருந்தான். இதைக் கண்டுபிடித்தவர் என் பயிற்சிக்கு வந்தவர்தான், “நீங்கதானே மேடம் புதுசா யோசிக்கச் சொன்னீங்க” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

விசிலம்மா அட்டை செய்ய மாட்டேன் என்றார். பதிவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டார். “காலையிலதான் பிள்ளைங்க தலை தெளிவா இருக்கும், அந்த நேரத்தை மூஞ்சி பாக்கறதுக்கா செலவு பண்ணுவேன், மத்தியானம் எப்படியும் தூங்கி வழியுதுங்க, அப்ப காட்டட்டும் மூஞ்சிய” என்றார். காலையில் பழையபடி ஒவ்வொரு டீச்சரும் பெயரைக் கூப்பிட்டு ஆளைப் பார்த்துவிடுவார்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கு இவரே போன் செய்வார். நேரத்தை மாற்றிக்கொடுங்கள் என்று மேலே எழுதிப் போட்டார், பதில் இல்லை. தினமும் பத்து மணிக்கு அந்தச் சுவரில் எல்லாம் பச்சை, அவர் கட்டம் மட்டும் சிவப்பு.

போன மாதம் ரிவியூ மீட்டிங். எங்கள் அதிகாரி திரையைக் காட்டி அவரை எழுப்பி நிறுத்தினார். “எல்லாரும் பச்சை, உங்களுக்கு மட்டும் என்னம்மா, டெக்னாலஜின்னா ஆகாதா?” என்றார். இவர் நிதானமாக, “ஆகும் சார், அதனாலதான் எப்ப ஆகும் எப்ப ஆகாதுன்னு யோசிச்சேன்” என்றார். பின்னால் யாரோ, “ஒரு விசில் அடிங்க டீச்சர், பச்சை ஆயிடும்” என்றார், ஹாலே சிரித்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, சார், நீங்கள் என்னை எந்த மாதிரித் தலைவர்களை உருவாக்கச் சொன்னீர்களோ அப்படிப்பட்டவர் இவர் ஒருவர்தான், மற்றதெல்லாம் அட்டை என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி கோபப்படுவார் என்று பார்த்தேன், கோபமே இல்லை, களைத்துப்போன குரலில், “அட்டையோ மட்டையோ மேடம், பத்து மணிக்கு எனக்கு மேல இருந்து போன் வருது, அவங்க சுவத்துலயும் ஒரு போர்டு இருக்கு, அதுல நான் ஒரு கட்டம்” என்றார். அப்புறம் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, இத்தனை பள்ளிகள் பச்சையானதற்கு மேடத்தின் பயிற்சிதான் காரணம், அவர் பெயரைப் பாராட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் விசிலம்மாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. பள்ளியிலிருந்து எடுத்து உபகரணக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். பார்க்கப் போனேன். சன்னல் திறக்காத அறை, கூரைவரைக்கும் அலமாரி, எல்லாம் திரை உடைந்த, சார்ஜ் ஏறாத டேப்லெட்டுகள், நடுவில் ஒரு மேசை. கழுத்தில் விசில் இல்லை. மேல்முறையீடு எழுதலாம் டீச்சர், நான் கூட நிற்கிறேன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “நீ பாட்டுக்கு இருந்திருந்தா நானும் மத்தவங்க மாதிரி எவனோ ஒருத்தன்கிட்ட பாஸ்வேர்டைக் குடுத்துட்டு, பிள்ளைங்களோட நிம்மதியா ரிடயர் ஆயிருப்பேன். கத்துக்குடுத்துட்ட. இப்ப எனக்கு எல்லாம் தெரியும், பிள்ளைங்கதான் இல்ல. போம்மா, உனக்கும் வீட்ல வேலை இருக்கும்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் கண்ணா. நான் படிகளில் இறங்கி வந்தது எனக்கு நினைவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவருக்குப் பிள்ளைகள் முதல் நாளே டிக் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு போட்டோ கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். சின்னவள் வந்து கேட்டாள். அட்டையைப் பற்றி அலுவலகத்தில் எழுந்து பேசிய அதே நான், கத்தரிக்கோலை எடுத்து, அவள் போட்டோவை வெட்டி, பின்னால் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். கொடுக்கவில்லையென்றால் அவளுக்கு டிக் விழாது, டிக் இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். டேப்லெட்டுகளைத் திரும்பப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். பள்ளி இப்போது முதல் வரிசைப் பச்சை.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். நெற்றி கொதிக்கிறது, நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கிறேன், என் போனில் பள்ளியிலிருந்து செய்தி வருகிறது, உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வந்துவிட்டாள் என்று. ஒரு கையில் போன், மறு கை அவள் நெற்றியில். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “நாங்க லிஃப்ட் நின்னா மணி அடிக்க வெப்போம், இவங்க விழுந்தாலும் அடிக்காம இருக்கறதுக்கு வெச்சிருக்காங்க” என்றார். வழக்கமாக அவர் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். மறுநாள் போனோடு டிக் சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் நாற்காலியெல்லாம் போட்டு மரியாதையாக, “வந்திருக்கான்னு வந்தா நல்லதுதானே மேடம், வரலன்னு வந்தாதானே பயப்படணும்” என்றார். நல்ல மனிதர், மனதார அப்படித்தான் நினைக்கிறார். இனி ஒரு நாள் அவள் வீட்டிலிருந்து கிளம்பி, பள்ளிக்குப் போய்ச் சேராவிட்டாலும் எனக்கு அந்தச் செய்திதான் வரும். காலையில் அவள் படியிறங்கினால் மாலையில் படியேறும்வரை எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்ததாகப் போன் சொல்லிக்கொண்டிருக்கும். முன்பு ஒரு மனுஷி பெயரைக் கூப்பிடவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளை நாங்கள் கிடங்கில் வைத்துவிட்டோம்.

வேலையை விட்டுவிடு என்பாய். விட்டால் நாளைக்கே வேறொருத்தி வருவாள், அவளுக்கு அட்டை இருப்பதே தெரியாது, தெரிந்தவள் ஒருத்தியாவது உள்ளே இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சத்தியமாக அதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. வருகிற வாரம் வெளியூரில் தலைமையாசிரியர்களுக்கு வகுப்பு, சின்னவளுடைய பள்ளியை முன்மாதிரி என்று காட்டிப் பேச வேண்டுமாம், படங்களெல்லாம் தயாராக வந்துவிட்டன. போவேன். மேல்முறையீடு எழுதினேன், விசிலம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், அவர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது.

நீ இதற்காக அங்கே உட்கார்ந்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு கெடுதலும் உன்னை அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் விடாமல் வேண்டிக்கொள்வது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அண்ணனுக்குச் சொல் என்றாள். ஈரத்தலையோடு குளிரில் போகாதே, ராத்திரி ஷிஃப்டுக்கு வெறும் டீயோடு கிளம்பாதே. இன்னொன்று, மறக்காதே. நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ போனில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாயே, இனிமேல் அதை அனுப்பாதே. எனக்கு அது போதவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு, வாயைத் திறந்து, இருமினாலும் பரவாயில்லை, உன் குரலில் அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா