இரண்டாவது பிடி

லுங்லேய், இரவு

அன்புள்ள அக்கா,

அம்மா தூங்கிவிட்டாள். நீ ஊழியத்துக்காக அருணாசலப் பிரதேசம் போனதிலிருந்து, உலை வைக்கும்போதெல்லாம் சபைக்குக் காணிக்கை சேர்க்கும் டப்பாவில் இரண்டு பிடி அரிசி போடுகிறாள். “இது கர்த்தருக்கு, இது என் ருவாத்திக்கு.”

“எனக்கு?” என்று கேட்டேன்.

“நீதான் பானைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கியேடி.”

அன்றிலிருந்து உன் பிடியை அவளுக்குத் தெரியாமல் அரிசி மூட்டையிலேயே திருப்பிப் போட்டுவந்தேன்.

நேற்று உனக்கு மலேரியா என்று செய்தி வந்தது. “கர்த்தரோட ஊழியக்காரி, அவர் பாத்துக்குவார்” என்று சொல்லி அம்மா வழக்கம்போல அரிசி எடுத்தாள். கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று உன் பிடியோடு என் பங்கு அரிசியையும் டப்பாவில் போட்டேன். “பசிக்கலையாடி?” என்றாள். இல்லை என்றேன்.

சீக்கிரம் குணமாகி வா, அக்கா. பொறாமையை அதற்கப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

பானைக்குப் பக்கத்திலேயே இருக்கும்
உன் தங்கை