மாடிப் போர்ஷனில் காபி வாசனை

இன்று காலை ஃபில்டரைத் தட்டியபோது காபிச் சக்கை உள்ளங்கையில் விழுந்தது, ஈரமாக, இளஞ்சூடாக. நீ கண்ணை மூடிவிட்டாய் என்று உன் பெண் போனில் சொல்லி ஒரு வாரமாகிறது. கையைக் கழுவ மனசு வரவில்லை.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் அந்த வீட்டின் பின்கட்டில் நான், மாடியில் நீ, முன்கட்டில் வீட்டுக்கார மாமி. சைவக்காரர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவேன் என்று மாமி சொன்னதற்கு நீயும் உன் புருஷனும் பலமாகத் தலையாட்டிவிட்டுக் குடிவந்திருந்தீர்கள். முதல் ஞாயிறே என்னிடம் குட்டு உடைந்தது.

"மீன் இல்லாங்காட்டி அவருக்கு சோறு எறங்காதுக்கா. மாமியாண்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. மீன் வாங்கிய நாளெல்லாம் சக்கையை டப்பாவில் போட்டுக் கொல்லைக் கதவு வழியாகக் கொடுத்தேன். மீன் வாடை போகப் பாதியைக் கையில் தேய்த்துக் கழுவுவாய். மீதியை வாணலியில் வறுப்பாய். மாடி முழுக்கக் காபி மணக்கும். "இந்த மாடிப் பொண்ணு எத்தனை தரம்தான் காபி குடிப்பாளோ!" என்பாள் மாமி. நாம் அடிபம்பருகே தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம்.

ஒரு ஞாயிறு நான் விடியற்காலையிலேயே ஆழ்வார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வீட்டில் காபியே போடவில்லை. உன் புருஷனோ மீனோடு வந்துவிட்டார். சாயங்காலம் நான் திரும்பியபோது மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தாள், எதிரே நீ.

"நோக்கு இது தெரியுமாடி?"

எங்களையும் காலி பண்ணச் சொல்லிவிடுவாளோ என்று பயம். "எனக்கு ஒண்ணும் தெரியாது மாமி" என்றேன், உன் எதிரிலேயே. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாமி காலி பண்ணச் சொல்லி, நீங்கள் திருவல்லிக்கேணிக்கு வீடு மாறிய அன்று டப்பாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாய். "உள்ள வா, ஒரு வாய் காபி சாப்ட்டுட்டுப் போ" என்றேன்.

"வண்டி நிக்குதுக்கா. இன்னொரு தபா வரேன். நீ ஒண்ணியும் மனசுல வெச்சுக்காத."

நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷம் என் கொல்லைக் கதவுக்கு வந்தவளை அன்றைக்குத்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். அதுவரை, மாமி பார்த்துவிடுவாளே என்று, சக்கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணி என்ன காசியா, ராமேஸ்வரமா? எந்த முகத்தோடு வருவது என்று யோசித்தே காலம் போய்விட்டது. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறதடி.

உன் பெண்ணிடம் கேட்டேன், அம்மா காபி எப்படிக் குடிப்பாள், ஸ்ட்ராங்காகவா என்று.

"அம்மா காபியே தொட மாட்டாங்க ஆன்ட்டி. டீதான்."

அதுகூட எனக்குத் தெரியவில்லை. அன்று மாமியிடம் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. அந்த டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு டீத்தூள் வாங்கி அதில் போட்டு வைக்க வேண்டும்.