ஸ்டியரிங் மாற்றியாகிவிட்டது

பெடாஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள குமுதவல்லிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூளைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. அங்கே பட்டர்வொர்த்தில் நீயும் ரோகினியும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் நீ உடனே மகளிடம் கொடுத்துவிடுகிறாய். அவள் சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோழி கிண்டியது போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. நம் பிக்கப்பின் ஸ்டியரிங் மாற்றியாகிவிட்டது. விபத்துக்குப் பிறகு உன்னை அழைத்துப் போக வந்தபோது ரோகினி என்ன சொன்னாள்? "அந்த ஓட்ட ஸ்டியரிங்க மாத்துற வரைக்கும் அம்மாவ அனுப்ப மாட்டேன்பா" என்று கண்டிப்பாகச் சொன்னாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாய், ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எட்டு மாதமாக, எஸ்டேட் வீடுகளுக்குச் சமையல் கேஸ் தோங் இறக்கிப் போட்டுவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் ஹபீபின் பட்டறையே கதி என்று கிடந்தேன்.

எழுபத்து நாலாம் வருடத்து வண்டிக்கு இத்தனை செய்யலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கேயோ நொறுங்கிப்போன புதுக் கார் ஒன்றின் மின்சார ஸ்டியரிங்கை ஹபீப் தேடிப் பிடித்து இதில் பொருத்தினான். மோதினால் நெஞ்சில் குத்தாமல் மடங்கிக்கொள்ளும் தண்டு வைத்தான். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். இரண்டு பேருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட். உன் பக்கத்துப் பெல்ட் கழுத்தில் உரசக் கூடாது என்றேன். அண்ணி எவ்வளவு உயரம் என்று கேட்டான். என் தோளைத் தொட்டுக் காட்டினேன். பரிசோதனைக்குக் கொண்டுபோய், பாஸாகி, கடுதாசியும் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஓட்டுவதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நாற்பது வருடம் தோள் பலத்தில் திருப்பியவன் நான். முதல் நாள் பெடாஸ் முச்சந்தியில் பழைய ஞாபகத்தில் ஒரு இழு இழுத்தேன். வண்டி காப்பிக் கடை வாசலுக்கே போய்விட்டது. கடை முதலாளி தவுக்கே வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். "அண்ணே, இது ஒரல் ஆட்டுற வேல இல்ல லா, வெரல் வச்சா போதும்" என்று ஹபீப் சிரித்தான். விரல் வைத்தால் போதும்தான். ஆனால் முன்பு குழி வந்தால் கை சொல்லும், மணல் வந்தால் கை சொல்லும். இப்போது வண்டி மனதில் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை. உன்னிடம் போனில் பேசுவது போலத்தான்.

எல்லாம் முடிந்தது என்று போன வாரம் ரோகினியிடம் பெருமையாகச் சொன்னேன். உன்னிடம் கேட்டுவிட்டு வந்து அவள், "அம்மா இப்ப வேணாங்கிறாங்கப்பா" என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும்? சீட்டு மாற்ற வேண்டுமா? வண்டியையே விற்றுத் தொலைக்கச் சொல்கிறாயா? வாயைத் திறந்து சொன்னால்தானே மனுஷனுக்குத் தெரியும்? கோபமாக எழுதுவதாக நினைக்காதே. கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

பிள்ளையார் விஷயம் ஒன்று மீதி இருக்கிறது. உன் பக்கம் முன் பலகையில் நான் ஒட்டி வைத்த பித்தளைப் பிள்ளையாரை எடுக்க வேண்டும் என்கிறான் ஹபீப். "இத்தனையும் செஞ்சிட்டு அண்ணி மூஞ்சிக்கு நேரா பித்தளைய வச்சிருந்தா எப்படிண்ணே? பலகைக்கு மெத்த வச்சுக் குடுக்கிறேன். ஆனா சாமிய நீங்களே எடுத்துருங்க, நான் கை வைக்க மாட்டேன், தப்பாப் போயிரும்" என்றான். அன்றைக்கு உன் நெற்றி போய் மோதியது அதில்தான், ஏழு தையல். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாம், பிள்ளையார் குறுக்கே நின்று காப்பாற்றினார், இல்லையென்றால் தலை கண்ணாடியில் போயிருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். காப்பாற்றியவரையே ஆபத்து என்று எடுப்பதா?

கோயில் பூசாரி கணேசமூர்த்தியிடம் கேட்டேன். ஒட்டிய சாமியை நாள் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்றார். பிறகு வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "பொம்பள ஒக்கார்ற எடத்துல தலைக்கு நேரா இத எவன்யா வச்சான்?" என்று கேட்டார். நாள் எப்போது என்று மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்தார். எடுத்த பிறகு மீதியை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

குமுதா, எடுத்துவிட்டேன். கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, கத்தி முனையால் மெதுவாக நெம்பினேன். ஹபீப் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பீடத்தின் இடுக்கில் கறுத்துக் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. பழைய குங்குமம் என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் அங்கேதான் புதுக் குங்குமம் வைப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத் துணியால் துடைத்தேன். மேலே இருந்த குங்குமம் கரைந்து துணியில் வந்தது. அடியில் இருந்தது வரவில்லை. அதில் நரைத்த முடி ஒன்று ஒட்டியிருந்தது. எட்டு மாதமாக உன் ரத்தத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் வெகுநேரம் நின்றேன். அதற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றை எழுதாமல் விட்டேன். பழைய ஸ்டியரிங்கைக் கழற்றிய அன்று ஹபீப் அதை முழுதாகப் பிரித்துப் பார்த்தான். "லூசு இருந்துச்சுண்ணே, ஆனா ஒண்ணும் ஒடையல. இது தானா ஒரு பக்கம் இழுக்காது லா" என்றான். சும்மா தொழில் பேச்சாகத்தான் சொன்னான். இதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் பெல்ட், பிரேக் என்று ஒன்று மாற்றி ஒன்றாகச் செய்யச் சொன்னேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அன்று லோபாக்கில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப் பகல். எஸ்டேட் சாலையில் மாடு நடுவில் நின்றது. எதிரே வண்டி எதுவும் இல்லை. வலப் பக்கம் வெறும் லாலான் புல். இடப் பக்கம் சிறுபாலத்தின் சுவர். தினமும் போகிற வழி, அந்தச் சுவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். என் கை இடப் பக்கம் திருப்பியது. ஸ்டியரிங் இழுக்கவில்லை, குமுதா. நான்தான் திருப்பினேன். சுவர் உன் பக்கம் வந்தது.

ஏன் அப்படித் திருப்பினேன் என்று இத்தனை நாளும் யோசித்துப் பார்க்கிறேன். பழக்க தோஷமா, பயமா, என் உயிர்தான் எனக்குப் பெரிதாகப் போய்விட்டதா? சத்தியமாகத் தெரியவில்லை. தெரிந்தால் நல்லதோ கெட்டதோ எழுதிவிடுவேன். இதற்கு எவனிடம் போய்க் கேட்பது? ஹபீபுக்கு வண்டியைத்தான் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

ஆனால் பொய் சொன்னது தெரிந்தே சொன்னது. டாக்டரிடம், உன் தம்பியிடம், கோயில் ஆட்களிடம், மகளிடம், ஸ்டியரிங் தானாக இழுத்துவிட்டது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போலாகிவிட்டது. ஒவ்வொரு முறை சொன்னபோதும் நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். தையல் இழுக்கிறது என்று நினைத்தேன். நீ அன்று மாட்டைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ரோகினியிடம் படிக்கக் கொடு. மாப்பிள்ளையும் படிக்கட்டும். நேரில் சொன்னால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். கணேசமூர்த்தியிடமும் உன் தம்பியிடமும் இந்த வாரமே நானே போய்ச் சொல்கிறேன்.

வா என்று இதில் எழுதவில்லை. எழுத எனக்கு முகமில்லை. நீ எங்கே இருந்தாலும் சாமி உன்னை நன்றாக வைக்கட்டும். இத்தனை மாதத்தில் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

நெற்றி இன்னும் வலிக்கிறதா?

உன்,
புனிதன்