இனியா யார் பக்கம்

17-04-2025, வியாழன்

சுகுணா இன்று காலை பத்து மணி அறந்தாங்கி பஸ்ஸில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். இனியா போகவில்லை.

காரணம் ஆலங்குடிக்கே தெரியும், நோட்டில் மறைத்து என்ன ஆகப்போகிறது? திருவரங்குளத்தில் அழகி வீட்டுக்கு நான் போய்வருவதுதான். இரண்டு வருஷச் சண்டை. நேற்று சுகுணா கடைசியாகக் கேட்டாள்: "ஒண்ணு அங்கிட்டு இருங்க, இல்ல இங்கிட்டு இருங்க. ரெண்டு எலையிலயும் ஒக்காந்தா எப்படி?" நான் வாயைத் திறக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மெஷினை ஏற்றும்போது இனியா நகராமல் நின்றாள். பதினாலு வயது. "நீ போம்மா. நான் அப்பாகூட இருக்கேன்." சுகுணா முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

21-04, திங்கள்

என் பலாப்பழ மண்டிக்கு வந்த அழகியின் ஸ்கூட்டி சீட்டில் இனியா பலாப்பாலைத் தடவி வைத்துவிட்டாள். அந்தப் பிசின் தோலில் ஒட்டினால் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். துணியில் ஒட்டினால் துணியை மறந்துவிட வேண்டும். அழகி உட்கார்ந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. புதுச் சேலை. பழம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று சிரித்தார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"அவுகளுக்குத்தான் ஒட்டிக்கிறது பிடிக்குமேப்பா."

சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்து ஓர் அறை விட்டேன். அழவில்லை. கன்னத்தைக்கூடத் தடவவில்லை. இது என் ரத்தம்.

02-05, வெள்ளி

சுகுணாவின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. விவாகரத்து வேண்டுமாம், பிள்ளையும் வேண்டுமாம். புதுக்கோட்டையில் என் வக்கீலைப் பார்த்தேன். "பதினாலு வயசுப் பொண்ணு சார். ஜட்ஜ் தனியா கூப்பிட்டு யார்கூட இருக்கப்போறேன்னு கேப்பாரு. அந்தப் பொண்ணு வாயிலதான் ஒங்க கேஸ் இருக்கு."

அப்படியென்றால் கவலையில்லை. அவள்தான் பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டாளே.

சுகுணா போனால் போகட்டும். இனியாவை விடமாட்டேன். பதினாறு வயதில் தலைச்சுமையாகப் பழம் சுமந்து வந்தவன் நான். என்னைப் பார்த்து இந்த ஊரில் பயப்படாத ஒரே ஆள் அவள்.

06-05, செவ்வாய்

வடகாட்டுத் தோப்பில் இன்று என் மானம் போனது.

எங்கள் தொழிலில் ஒரு மரத்துக்கு விலை பேசி முடித்தால் அடிமரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் வைப்போம். எனக்கு வட்டம். இன்னொரு வியாபாரி அய்யாக்கண்ணுவுக்குப் பெருக்கல் குறி. அடையாளம் விழுந்தால் பேச்சு முடிந்தது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, அந்த மரத்தைக் காவல் காக்கவும் வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒருத்தனும் மீறியதில்லை.

இனியா அவன் குறிகளைக் கழுவிவிட்டு எல்லாவற்றிலும் என் வட்டத்தைப் போட்டுவிட்டாள். என் மரமேறி கருப்பன் அதை நம்பி அவன் மரத்தில் முப்பத்தெட்டுக் காய் வெட்டி இறக்கிவிட்டான். அய்யாக்கண்ணு வந்து நின்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டான்: "என்ன முத்துராசு, அடுத்தவன் வீடு பழகிப்போயி இப்ப அடுத்தவன் மரமா?"

நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நான்!

கருப்பன் சாயங்காலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மொதலாளி, பாப்பா மட்டும் பண்ணல. எங்க பாலாஜிப் பயலும் வாளி தூக்கிக்கிட்டுப் போயிருக்கான். தோலை உரிச்சுட்டேன்."

பாலாஜி அவள் வகுப்பு. அவனுக்கென்ன இவள் வாளியைத் தூக்கவேண்டிய தலையெழுத்து?

07-05

அவள் ஸ்கூல் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் பாலாஜியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நாலு மூலையிலும் ஸ்டிக்கர் பொட்டு வைத்து ஒட்டியிருக்கிறாள். கீழே துண்டுச் சீட்டுகள். அவள் கையெழுத்துதான். 'இன்னைக்கு மூணு தடவை பார்த்தான்.' 'இன்னைக்குப் பேசவே இல்லை, ஏன்?' ஒன்றில்: 'அறந்தாங்கி போனா இவனைப் பார்க்க முடியாது. செத்தாலும் போகமாட்டேன்.'

தேதி ஏப்ரல் பதினாறு. சுகுணா போவதற்கு முதல் நாள்.

ஆக, எனக்காக நிற்கவில்லை. மரமேறி மகனுக்காக நின்றிருக்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே — யார் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? அவளேதான்.

08-05

அடிக்கவில்லை. யோசித்தேன்.

10-05, சனி

வேறொரு அப்பனாக இருந்தால் பெண்ணைப் பூட்டி வைத்திருப்பான், பையன் காலை ஒடித்திருப்பான். நான் வியாபாரி. எனக்கு வேண்டியது இனியா இந்த ஊரில் இருப்பது. அவளை இங்கே கட்டி வைத்திருக்கிற கயிறு கருப்பன் வீட்டில் இருக்கிறது. கயிற்றை அறுப்பவன் மடையன்.

கருப்பனைக் கூப்பிட்டு மண்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டில் குடியிருக்கச் சொன்னேன், வாடகை வேண்டாம். லீவு முடியும்வரை பாலாஜி மண்டியில் வந்து எடைச்சீட்டு எழுதட்டும் என்றேன். கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பய பண்ணுன தப்புக்கு நீங்க பெரிய மனசு பண்ணுறீங்க மொதலாளி."

"போய்யா, சின்னப் பிள்ளைக. விடு."

இனியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி எனக்கு அவளே தோசை ஊற்றினாள். மூன்றாவது தோசைக்கு, "இன்னொண்ணு வைக்கவாப்பா?" என்று கேட்டாள். சுகுணா போனபிறகு இவள் என்னை எதுவும் கேட்டது அதுதான் முதல் தடவை.

23-05, வெள்ளி

மத்தியானம் மண்டியில் கூட்டமில்லை. இனியா பழம் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் பிசின். பாலாஜி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடாமல், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்: "விரல் இடுக்குல மொதல்ல. அவசரப்பட்டுத் தேச்சா இன்னும் ஒட்டும்." அவள் வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தாள். அவன் காது சிவந்துபோய் இருந்தது.

நான் தராசுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ போல ஆனது. சுகுணாவை நான் ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் லாரி வந்துவிட்டது.

02-06

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. இருவரும் ஒரே செக்ஷன். நான்தான் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிப் போடவைத்தேன்.

11-06, புதன்

கோர்ட்டில் ஜட்ஜ் இனியாவைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பாவுடன் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். என் வக்கீல் கையைக் குலுக்கினார்.

வராண்டாவில் சுகுணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்துபோயிருந்தாள். "ஒன்னைய விட்டுட்டு நான் எப்படிடி இருப்பேன்?"

இனியா கையை உருவிக்கொண்டாள். "போறப்ப தையல் மெஷினத் தூக்கிக்கிட்டுப் போனியே, என்னையத் தூக்கிக்கிட்டா போன?"

சுகுணா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் வரும் வழியில் இனியாவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

13-06, வெள்ளி

வேலை முடிந்தது. இனி கயிறு தேவையில்லை. தேவையில்லாத கயிறு காலைத் தடுக்கும். நாளைக்கு ஊர் என்ன பேசும்? முத்துராசு மகளை மரமேறி மகனுக்கு வளர்க்கிறான் என்றுதான் பேசும்.

கருப்பனைக் கூப்பிட்டேன். பண்ருட்டியில் எனக்குத் தெரிந்த மண்டியில் வேலை சொல்லியிருக்கிறேன், குடும்பத்தோடு நாளைக்கே கிளம்பு என்றேன்.

"பய பத்தாவதுங்க மொதலாளி. பாதியில எங்க கொண்டுபோய்ச் சேப்பேன்?"

"அதையும் சொல்லி வச்சிருக்கேன்."

"என்ன தப்பு பண்ணுனோம்னு சொல்லிட்டாச்சும் அனுப்புங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல. இங்க ஒருத்தன் மரத்துலயும் இனிமே ஒனக்கு வேல கிடைக்காது. அவ்வளவுதான்."

பாலாஜியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இனியாகிட்ட நீயே போய்ச் சொல்லு. ஒன்னையப் பிடிக்கல, நாங்க போறோம்னு. சொன்னா ஒங்கப்பனுக்குப் பண்ருட்டியில வேல. சொல்லாட்டி அதுவும் இல்ல." பையன் என்னையே பார்த்தான். அடுத்தவன் கண்ணீரைப் பார்த்து நான் தொழில் பண்ணுவதில்லை.

போய்ச் சொல்லிவிட்டான்.

16-06

இனியா சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள். எதையும் உடைக்கவில்லை. பலாப்பால் இல்லை, சுண்ணாம்பு இல்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

20-06, வெள்ளி

வக்கீல் போன் பண்ணினார். ஜூலை இரண்டாம் தேதி ஜட்ஜ் பெண்ணை இன்னொரு தடவை கேட்பாராம், அதற்குப் பிறகுதான் உத்தரவாம்.

"அதான் சொல்லிட்டாளே சார், முடிஞ்சுதுல்ல?"

"எங்க சார் முடிஞ்சது? அன்னிக்குச் சும்மா பேசிப் பாத்தாரு. ஆர்டர்னு ஒண்ணு கையில வர்ற வரைக்கும் முடியாதுல்ல."

தப்பு என்னுடையது. வாயால் சொன்னால் முடிந்தது என்றே வளர்ந்தவன். அடையாளம் விழுந்த மரத்தைத் திரும்பிப் பார்க்காத புத்தி. கோர்ட் என்ன தோப்பா? கருப்பனை அனுப்பாமல் இன்னும் பத்தொன்பது நாள் பொறுத்திருந்தால் — சே.

22-06, ஞாயிறு

இனியா மண்டிக்கு வந்தாள். வெளியூர் வியாபாரிகளுக்குப் போடும் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டாம் தேதி மறுபடி கேப்பாகளாம்ல?"

"யார் சொன்னா?"

"அம்மா. நேத்து நான்தான் போன் பண்ணுனேன். அன்னைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன், சொன்ன ரெண்டாவது நாள் நீங்க யாரை ஊரை விட்டு வெரட்டுனீங்க, எல்லாத்தையும் ஜட்ஜ்கிட்ட சொல்லப்போறேன்."

எதற்கு வளைந்துகொடுப்பாள் என்று பார்த்தேன். புது போன் வாங்கித் தருகிறேன் என்றேன். சிரித்தாள். அழகி வீட்டுக்கு இனிப் போவதில்லை என்றேன். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். கோபம் வந்துவிட்டது.

"யாருக்காகடி இப்படி நிக்கிற? அந்தப் பயதான் ஒன்னையப் பிடிக்கலைன்னுட்டுப் போயிட்டானே?"

"ஆமா, சொன்னான். அழுதுகிட்டே சொன்னான். ஒப்பிக்கச் சொல்லி அனுப்புனா அப்படித்தான் வரும்."

அவள் விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில், கருப்பன் குடும்பம் அதே வீட்டுக்கு, அதே வேலைக்குத் திரும்பி வர வேண்டும். பாலாஜி பத்தாவதை இதே பள்ளியில் முடிக்க வேண்டும்.

"சரி. வரச்சொல்றேன். நீயும் இங்கயே இருப்பேல்ல?"

"நான் இருக்கமாட்டேன்."

"ஒங்கம்மாகிட்டயா போற?"

"அங்கயும் இல்ல. புதுக்கோட்டை ஹாஸ்டல்."

"அவன் இங்க, நீ அங்க. இதுல ஒனக்கு என்ன லாபம், கிறுக்கி?"

"நானும் அவனும் ஒரே ஊர்ல இருந்தா நீங்க எங்கள வச்சு ஏவாரம் பண்ணுவீங்க."

அரை மணி நேரம் பேசியதில் ஒரு தடவைகூட அப்பா என்று வரவில்லை. நான் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தேன், ஒரு நூல் இறங்கவில்லை. எதிரே வேறு யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

26-06

கருப்பனுக்கு ஆறு தடவை போன் போட்டேன். ஏழாவதில் எடுத்தான். கெஞ்சினேன். "ஒங்க பேச்ச நம்பி வரல மொதலாளி. பாப்பா போன் பண்ணுச்சு, அதான் வாரோம்" என்றான்.

02-07, புதன்

ஜட்ஜ் கேட்பதற்கு முன்பே இரண்டு வக்கீலும் உட்கார்ந்து எழுதி முடித்தார்கள். சுகுணா தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டாள். மகள் தன்னிடமும் வரவில்லை என்பது அவளுக்கு அங்கே வந்துதான் தெரிந்திருக்கிறது. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இனியாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டேன்.

விவாகரத்துக்கு நான் சம்மதம். பன்னிரண்டாவது முடியும்வரை இனியா ஹாஸ்டலில் இருப்பாள். கட்டணம் முழுவதும் என்னுடையது. முழுப்பரீட்சை லீவில் பாதி நாள் அறந்தாங்கி. மீதிக்கும் ஹாஸ்டல், ஆலங்குடி இல்லை. கருப்பனை வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்பது கோர்ட் பேப்பரில் வராது என்று வக்கீல் சொன்னதால், அதைத் தனித்தாளில் இனியாவே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பழம், துணி, போன், எதையும் நான் வாங்கிக்கொண்டு போகக்கூடாது. மாதத்தில் முதல் ஞாயிறு, பத்திலிருந்து பதினொன்று வரை நான் ஹாஸ்டல் வாசலுக்குப் போகலாம். வெளியே வருவதும் வராததும் அவள் இஷ்டம்.