இடக்கையில் பிடித்த கரண்டி

அன்பு மகன் கோல்பிக்கு, ஓக்லஹோமா மாநிலம் முழுவதிலும் கூர்மையான கண்கள் படைத்தவனும், மூன்று கார்களை ஓட்டியே கொன்றவனுமாகிய உன் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே போன வாரம் அடித்த காற்றில் நம் தபால் பெட்டி பறந்து டெக்சஸுக்கே போயிருக்கும், வேலி தடுத்துவிட்டது. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டியைப் போர்த்தலாம்.

இந்த வருடம் எங்கள் பேஸ்பால் அணிக்கு ஆள் தேடி நான் பார்த்து வந்த கல்லூரிப் பையன்களில் டால்டன் ப்ரூவிட் என்று ஒரு பிட்சர். அவன் பந்து எறிந்தால் வேகமானியே வியர்க்கும், மட்டை பிடித்தவன் பந்தைப் பார்ப்பதற்குள் அது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடும். பெரிய அணிகள் பெயர் கூப்பிட்டுப் பையன்களைப் பொறுக்கும் ஆளெடுப்புக்கு முன் வீட்டுக்குப் போய்ப் பேசுவது எங்கள் வழக்கமாயிற்றே, போனேன். அவன் அம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். வலக்கையால் எறிகிற பையன் கரண்டியை இடக்கையில் பிடித்திருந்தான். என்ன தம்பி, இடக்கைக்காரனா என்று கேட்டேன். இல்ல சார், சும்மாதான் என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். அவன் அப்பா வெர்ல் சிரித்துக்கொண்டே, எம்புள்ளைக்கு ரெண்டு கையும் வரும் சார், கால்ல குடுத்தாக்கூட எறிவான் என்றார். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அவன் வலக்கையை விட்டு நகரவில்லை.

முழங்கையைப் பரிசோதிக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். பரிசோதித்தார்கள், உள்ளே தசைநார் பாதி கிழிந்திருந்தது. செய்தி எல்லா அணிகளுக்கும் போய்விட்டது. ஆளெடுப்பு நடந்த நாட்களில் அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம், கடைசிவரை அவன் பெயரைக் கூப்பிடவில்லை. மறுநாள் வெர்ல் போன் பண்ணினார். யோவ், ஒரு வரி எழுதாம இருந்தா உன் கை அழுகியா போயிருக்கும், உன் புள்ளையா இருந்தா எழுதியிருப்பியாய்யா என்று கேட்டார்.

கோல்பி, நீ பந்து எறிந்த கடைசி வருடம், ஒரு புதன்கிழமை இரவு அம்மா வைத்த சூப்பை நீ இடக்கையால் குடித்தாய். நான் பார்த்தேன். அடுத்த நாள் மைதானத்தில் வேறு அணிக்கு ஆள் பார்க்க வந்தவன் ஒருவன், உம்ம பையன் கை எப்படிய்யா இருக்கு என்று கேட்டபோது, இரும்புய்யா, ரயிலையே நிறுத்தும் என்று பீற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஏழாவது இன்னிங்ஸில் உன் கையிலிருந்து வந்த சத்தம் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அது உன் துரதிர்ஷ்டம் என்றுதான் பதினோரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். நீ ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. நான் பார்த்தது உனக்கு அன்றே தெரியுமா?

கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். குழந்தையை இடப்பக்கமே தூக்கு, கனம் ஏறிக்கொண்டே போகும். குளிரில் உன் வலது முழங்கை மடங்குவதில்லை என்று மருமகள் சொன்னாள். இடக்கையாலேயே பதில் எழுது, எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்த முறை நான் சரியாகப் பார்ப்பேன்.

உன் அப்பா,
ஹார்லன்