மாமாவின் எலி

அக். 28, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். லேபில் பத்து நாள் லீவு. பஸ்ஸை விட்டு இறங்கி கோவில்பட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முதல் கேள்வி: "மாமாவுக்கு வச்ச எலி செத்துட்டாட்டி?" நான் சாப்பிட்டேனா என்பது மூன்றாவது கேள்வி.

வாங்க: சார்ஜர், தைலம், இடைசெவல் அத்தைக்கு வளையல் (மறந்தால் பேச்சு கேட்க முடியாது).

லேபில் கூட வேலை செய்கிற ரேவதியின் மெசேஜ். எலி-3, அதாவது மாமாவின் எலி, எடை இன்னும் இறக்கம். முதுகு கூன். ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. எல்லாம் எதிர்பார்த்தபடி.

இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதி வைக்கிறேன். சுப்பையா மாமா அம்மாவின் தம்பி. இடைசெவலில் முப்பது ஆடு, கொஞ்சம் கரிசல் காடு. ஏப்ரலில் மூளையில் கட்டி. ஆபரேஷனில் எடுத்ததில் ஒரு துண்டு எங்கள் லேபுக்கு வேண்டியிருந்தது. முடியில்லாத எலிகள், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்தவை. மண்டையில் சின்னத் துளை போட்டு யார் கட்டியை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். அது வளர்ந்ததும் மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்போம். மாமாவுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது, பின்னால் வருகிற யாருக்காவது இருக்கலாம். படிவத்தில் பதினோரு பக்கத்துக்கு இதுதான் இருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவள் நான். மாமா முழித்தார். எனக்கு எரிச்சல். "பிள்ளைக்குச் சீக்குன்னா சேவலைத் தலையச் சுத்தி எல்லையில கொண்டு விடுதோம்லா மாமா. அது மாதிரிதான். உங்க சீக்கு எலிக்குப் போயிரும்" என்றேன். உடனே சம்மதம். என் சாமர்த்தியத்தை என் தீசிஸ் வழிகாட்டி சாரே பாராட்டினார்.

அக். 30, வியாழன்

எலி-3 கதை முடிந்தது. ரேவதி காலையில் வாயு வைத்து முடித்தாள். மூளையை எடுத்து, கட்டியைப் பிரித்து, மத்தியானத்துக்குள் புதிதாக ஆறு எலிகளுக்கு ஏற்றியாயிற்று. சாரிடமிருந்து கைதட்டும் படம். மாமா காட்டில் மக்காச்சோளம்கூட இந்த வருஷம் இப்படி வளரவில்லை.

சாயங்காலம் இடைசெவல். கரிசல் சேறு அப்பி செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மாமா ஆட்டுக் கொட்டிலில் நின்றார். கேள்வி தயாராக இருந்தது.

"செத்துட்டு மாமா."

கையிலிருந்த வேப்பங்குழையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். "ஏட்டி, கேட்டியா, செத்துட்டாம்லா" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமிக்குக் கிடா. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட கிடாயாம், கறுப்பு.

புது எலிகளைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. நான் வளையலை மறந்து வந்ததற்கும் யாரும் திட்டவில்லை.

நவ. 1, சனி

வெயில். துணி துவைத்தேன். மாமாவுக்கு மாதம் ஐந்து நாள் மாத்திரை, இன்றைக்கு ஆரம்பிக்க வேண்டும். அத்தைக்குப் போன்.

"மாத்திரையா? அவிய ரெண்டு மாசமாத் திங்கலையே. கட்டி எலியப் பிடிச்சுட்டுன்னு நீதான சொன்ன. அன்னைக்கே எல்லாத்தையும் குப்பக்குழியில கொட்டிட்டாவ. சேவல விட்ட பெறவு மருந்து தின்னா சாமியச் சந்தேகப்படுத மாதிரின்னுட்டாவ."

ஆமாம், நான்தான். ஆகஸ்டில், மாமாவின் செல் எலிக்குள் வளர்ந்துவிட்ட குஷியில், போனில் சொன்னேன். மாத்திரை இருந்தால் கட்டி மெதுவாக வரும், இல்லாவிட்டால் வேகமாக. இதை இப்போதே சொல்ல ஒரு நிமிஷம் போதும். "நாளைக்கு நேர்ல பேசுதேன் அத்தை" என்று வைத்துவிட்டேன்.

ராசி பாருங்கள், அடுத்த போன் சார். "உங்க மாமாவுக்குத் திரும்ப வளர்ந்தா மறுபடி ஆபரேஷன் பண்ணுவாங்களா? பழைய கட்டி, புதுக் கட்டி, ஒரே ஆளோட ஜோடி. கிடைச்சா உன் தீசிஸ் முடிஞ்ச மாதிரி."

ஆறு வருஷமாக முடியாத தீசிஸ். சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷப்பட்டேன்.

நவ. 2, ஞாயிறு

கோயிலில் நாற்பது பேர். பந்தியில் காதில் விழுந்தவை:

"எலிக்கு மனுசச் சீக்க வைக்காவளாம். பாவம்லா?"

"கம்பங்கருதக் கடிக்கும்போது அது நம்மளப் பாத்துப் பாவப்பட்டுச்சா?"

"இந்தப் பிள்ளதான் வச்சது. டாக்டருக்குப் படிக்கி."

மாமா வந்து என் இலையில் ஆட்டு மூளையை வைத்தார். "கிடாய்க்கு ஒரு மூளைதான். படிக்கிற பிள்ள நீ தின்னு."

"மாமா, அந்த மாத்திரை..."

"மொதல்ல தின்னுட்டி."

தின்றேன். மிளகு தூக்கல், நன்றாக இருந்தது. அவர் அடுத்த இலைக்கு நகரும்போது இடது கையிலிருந்து குழம்புச் சட்டி நழுவி விழுந்தது. "கை மரத்துட்டு. காலைலருந்து தோலுரிச்ச கைல்லா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது.

நவ. 3, திங்கள்

அம்மாவும் நானும் வற்புறுத்தி ஸ்கேன். கட்டி திரும்ப வந்துவிட்டது, முன்பைவிடப் பெரிதாக. ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் படத்தை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கூட்டிவரச் சொன்னார், திறந்து எடுக்கலாம், கொஞ்ச நாள் கிடைக்கும். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. சாரிடம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மெயிலில் படிவம்.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சேவல் கதை பொய், மாத்திரை நின்றதற்குக் காரணம் நான், புதிதாக ஆறு எலிகளுக்குள் அவர் கட்டி உயிரோடு இருக்கிறது. சொல்லிவிட்டுத்தான் படிவம்.

நவ. 4, செவ்வாய்

மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தேன், மை டப்பாவும் வாங்கினேன். ஒன்பதரை மணி பஸ்.

மாமா கட்டிலில் படுத்திருந்தார். நாக்கு குழறுகிறது. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்தாள்.

"மாமா, நான் அன்னைக்கு எலியப் பத்திச் சொன்னது..."

"தெரியும்ட்டி. எலி சிறுசு. எம்புட்டுத்தான் அது தாங்கும்? மிச்சம் எங்கிட்டயே நின்னுட்டு. இந்த வாட்டி நல்ல பெருசாப் பாரு."

அத்தை அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "பெருசு கெடைக்குமாட்டி?"

"கெடைக்கும் அத்தை."

பதினோரு பக்கத்தையும் புரட்டிக் கடைசிப் பக்கத்தை நீட்டினேன். ஆண் என்றால் இடது கட்டைவிரல். மாமா தூக்கப் பார்த்தார், விரல் வரவில்லை. நான்தான் பிடித்து, மையில் தோய்த்து, அழுத்தினேன்.